புறா இனங்கள்: உருவமும் வருவாயும்

பறவை பெரிதாயின் வருவாயும் பெரிதாகும் என்று எண்ணுவது இயல்பு. இறைச்சிக்காகப் புறா வளர்ப்போர் கண்ட உண்மை வேறு. அமெரிக்க நாட்டில் இத்தொழில் நூறாண்டுகளுக்கு மேலாக நடைபெற்று வருகிறது. பல இனங்களை வளர்த்துப் பார்த்து அந்நாட்டார் அறிந்தவற்றை, பறவை வளர்ப்பைத் துணைத்தொழிலாகக் கொள்ள விழையும் நம் அங்கத்தினர்களும் அறிந்துகொள்ளுதல் நலம்.

முதற்கண் முட்டையைப் பற்றி நோக்குவோம். கோழி முட்டை ஐம்பது கிராமுக்கு மேல் நிற்கும்; புறா முட்டை பெரும்பாலும் இருபது கிராம் அளவினதே. கோழி தொடர்ந்து முட்டையிடும். புறாவோ ஓர் ஈட்டுக்கு இரண்டே முட்டைகள் இட்டு அடையில் அமர்ந்துவிடும். இனம் பெரிதாயின் முட்டை சற்றுப் பருக்குமேயன்றி எண்ணிக்கை கூடாது. சீன நாட்டில் புறா முட்டை விலையுயர்ந்த உணவாக விற்கப்படுவதுண்டு. எனினும் புறா வளர்ப்பில் முட்டையின் மதிப்பு, அது குஞ்சாவதிலேயே பெரிதும் அடங்கியுள்ளது.

ஆணும் பெண்ணும் மாறிமாறி ஏறத்தாழ 18 நாள் அடைகாக்கும். குஞ்சு பொரித்தபின் இரண்டும் தம் தொண்டைப்பையில் சுரக்கும் பால் போன்ற உணவை ஊட்டும். இவ்வுணவின் வலிமையால் குஞ்சு நான்கு வாரங்களில் விற்பனைக்கு ஏற்ற நிறையை அடைகிறது. பறக்கத் தொடங்குமுன் அதனை விற்றுவிடுதல் வேண்டும். பறந்தபின் நிறை குறைந்து இறைச்சி முறுகிவிடும். நல்ல இணை, முதல் ஈட்டுக் குஞ்சுகள் கூட்டிலிருக்கும்போதே அடுத்த ஈட்டை இட்டுவிடும். ஆதலின் ஒவ்வோர் இணைக்கும் இரண்டு கூடுகள் அமைப்பது வழக்கம்.

இனி இனங்களைக் காண்போம். ரண்ட் என்பது வளர்ப்புப் புறாக்களுள் மிகப் பெரியது. ஒரு கிலோவுக்கு மேல் நிற்கும். ஆனால் ஆண்டில் அது தரும் குஞ்சுகள் குறைவு. ஹோமர் இனம் குஞ்சுகளைப் பேணுவதில் வல்லது, குஞ்சோ சிறியது. பிரான்சு, பெல்ஜிய நாட்டு எல்லைப்புறத்தில் தோன்றிய கார்னோ இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. ரண்ட், ஹோமர், மால்ட்டீஸ், டச்செஸ் ஆகிய நான்கையும் கலந்து அமெரிக்கர் உருவாக்கியதே வெள்ளைக் கிங். இதன் குஞ்சு ஏறத்தாழ 450 கிராம் நிறையுடையது. டெக்ஸாஸ் பயனியர் என்னும் இனத்தில் ஆணும் பெண்ணும் நிறத்தாலேயே வேறுபடுதலின் இணை சேர்ப்பது எளிது.

இங்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் இணை ஆண்டிற்கு 14 குஞ்சுகளை, ஒவ்வொன்றும் 450 கிராம் நிறையில் தருவதாகக் கொள்வோம். மொத்தம் 6 கிலோ 300 கிராம். மற்றோர் இணை 600 கிராம் நிறையுள்ள பெருங்குஞ்சுகளை எட்டு மட்டுமே தருமாயின், மொத்தம் 4 கிலோ 800 கிராம்தான். உடல் பெருத்த இணைக்கோ தீனிச் செலவும் மிகுதி. கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றிய குஞ்சு, கணக்குப் புத்தகத்தில் சிறுத்துவிடுகிறது.

இன்னுமோர் எச்சரிக்கை. கிங் என்னும் ஒரே பெயரில் இருவகைப் புறாக்கள் உள்ளன. கண்காட்சிப் பரிசுக்காக உருவம் பெருக்கப்பட்டவை ஒரு வகை. பயனுக்காக வளர்க்கப்படுபவை மற்றொரு வகை. பரிசு பெறும் புறா குஞ்சு தருவதில் பின்தங்கக்கூடும். எனவே இனத்தின் பெயரை மட்டும் நம்பி விலை கொடுத்தலாகாது.

தென் கரோலினாவின் சம்டர் நகரில் 1923-இல் புறாப்பண்ணை தொடங்கியவர்களுள் ஒருவரான வெண்டெல் லெவி, 1941-இல் புறாவைப் பற்றிய பெருநூல் ஒன்றை வெளியிட்டார். கலிபோர்னியாவில் 1943-இல் குஞ்சு வளர்ப்போர் கூடித் தமக்கெனக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்துக்கொண்டனர். சிறு பண்ணையாளர் தனித்தனியே சில குஞ்சுகளைச் சந்தைக்குக் கொண்டு சென்றால் விலை பேசும் வலிமை பெறார். ஒருங்கு சேர்ந்தால் பெறுவர் என்பதை நம் அங்கத்தினர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆகவே புறா வாங்க விழைவோர், தராசை மட்டும் கேட்டல் போதாது. அவ்விணை சென்ற ஆண்டில் எத்தனை குஞ்சுகளை வளர்த்து ஆளாக்கிற்று, அவை நான்காம் வாரத்தில் என்ன நிறை நின்றன, எத்தனை இறந்தன என்னும் மூன்றையும் கேட்டறிக. கூட்டுக்கு எண்ணிட்டு இவற்றைக் குறித்து வைப்பவரிடமே வாங்குக. வாங்கிய பின்னர்த் தாமும் அவ்வாறே குறித்து வருக. ஈராண்டுக் குறிப்பு, எந்த இணையை வைத்துக்கொள்வது, எதனை விலக்குவது என்பதைத் தானே காட்டிவிடும்.