உரைமரபும் ஆங்கிலப் பத்தியுணர்தலும்

மத்தியப் பல்கலைக்கழகங்களிற் சேர்தற்குரிய பொது நுழைவுத் தேர்வு 2022-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. 2025-ஆம் ஆண்டு முறைப்படி, ஆங்கிலத் தாளின் 50 வினாக்கட்கு 60 நிமிடமே உண்டு. சரியான விடைக்கு 5 மதிப்பெண். தவற்றுக்கு 1 குறையும். மேற்கு மாம்பலத்தில் தமிழ்வழிக் கற்ற மாணவர்க்கு இத்தாளின் உரைநடைப் பத்திகள் அச்சந் தருதல் இயல்பே. சொற்பொருள் அறியாமையே இதற்குக் காரணம் என்பர் பலர். அது முழுதும் பொருந்தாது என்பது எம் கருத்து. சொல்லெல்லாம் தெரிந்தும் பத்தியின் துணிபு விளங்காதொழிதல் உண்டு.

காண்டிகையுரைக்குக் கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை என்பவற்றை நன்னூல் வகுத்துள்ளது. ஆங்கிலப் பத்திக்கும் இம்முறை ஏற்புடைத்தே. நாடோறும் ஒரு பத்தியை எடுத்து, முதற்கண் அதன் கருத்தைத் தமிழில் ஒரு தொடராற் கூறுக. பின்னர், அறியாச் சொல்லின் பொருளை, அகராதி நோக்குமுன், அயல்நிற்கும் தொடர்களால் உய்த்துணர்க. ‘ஆயினும்’ எனப் பொருள்படும் சொல் வருமிடத்து நின்று, ஆசிரியர் தம் கொள்கையை அங்கே திருப்புகின்றாரா என நோக்குக. இறுதியில் தாமே வினா எழுப்பி, விடைக்குரிய வரியைச் சுட்டுக. பத்தியிற் சான்றில்லாத விடை, உலகியலில் உண்மையேயாயினும், கொள்ளத்தக்கதன்று.

தமிழ் நூலை உரையோடு பயின்றோர்க்கு இப்பயிற்சி புதிதன்று. ஆகலின், தமிழ்வழிக் கல்வி தடையாயிற்றென மாணவர் தளர வேண்டுவதில்லை. கற்ற முறையே கைகொடுக்கும்.