17 பேர் 5 லட்சம் ஆன கதை



குழுக் கூட்டத்தில் மலேரியா பேச்சை எடுத்தாலே, "அதெல்லாம் பழைய காய்ச்சல் மேடம், இப்போ டெங்குதான்" என்கிறீர்கள். ஆனால் 2023-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்க சுமார் 26 கோடி பேருக்கு மலேரியா வந்தது, ஏறக்குறைய 6 லட்சம் பேர் இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இறந்தவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில், ஐந்து வயதுகூட ஆகாத குழந்தைகள்.

இதை ஒழிக்கவே முடியாதா? முடியும். பக்கத்துல இருக்கிற இலங்கையையே பாருங்கள். 1934-ல் அங்கே மழை பொய்த்தது. ஆறுகள் வற்றி, அங்கங்கே குட்டையாக நின்ற தண்ணீரில் கொசு பெருகியது. (மழை பெய்தால்தான் கொசு வரும்னு நாம நினைக்கிறோம், இல்லையா?) சில மாதங்களில் சுமார் 80,000 பேர் செத்துப்போனார்கள். பிறகு வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. மருந்து அடித்தார்கள். 1963-ல் நாடு முழுக்க வெறும் 17 பேருக்குத்தான் மலேரியா!

அத்தோடு மருந்தடிப்பதை நிறுத்தினார்கள். காய்ச்சல்காரர்களைத் தேடி ரத்தம் எடுப்பதும் குறைந்தது. 1969-ல் 5 லட்சம் பேருக்கு மேல் வந்துவிட்டது. மறுபடி டி.டி.டி. அடித்தால், அதுக்குக் கொசு பழகிவிட்டிருந்தது.

அதிலிருந்து மீள 40 வருஷத்துக்கு மேல் ஆச்சு. வேறு மருந்துகள், கொசுவலை, எல்லாவற்றுக்கும் மேலாகக் காய்ச்சல் கண்டவர்களுக்கு ரத்தப் பரிசோதனை. 2012-க்குப் பிறகு உள்ளூரில் பரவுவது நின்றது. 2016-ல் 'மலேரியா இல்லாத நாடு' என்ற சான்றும் கிடைத்தது.

ரத்தப் பரிசோதனை ஏன் அவ்வளவு முக்கியம்? கொசு பிறக்கும்போதே மலேரியாக் கிருமியோடு பிறப்பதில்லை. நோயாளியைக் கடித்துத்தான் வாங்கிக்கொள்கிறது. நோயாளி முழுசாகக் குணமானால் கொசு கடித்தும் பரப்ப முடியாது.

நம்ம நாட்டில் 2030-க்குள் ஒழிப்பது என்று இலக்கு. இங்கே அதிகம் காணும் ஒரு வகையின் பெயர் வைவாக்ஸ். இதன் கிருமி கல்லீரலில் ஒளிந்துகொள்ளும். அதுக்குத்தான் 14 நாள் மாத்திரை. மூணாம் நாள் காய்ச்சல் விட்டதும் மீதியைப் பரணில் போட்டால், சில மாதம் கழித்துத் திரும்ப வரும். திரும்பக் கூலி போகும். கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரை ஆகாது, டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் வந்தால் மெடிக்கல் ஷாப் மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அதுக்குக் காசு கிடையாது.