கணினி காணாத பிழை

நுழையும்முன்

நாம் கையில் எடுக்கும் இக்கால நூல்கள் பெரும்பாலும் அச்சாவதற்கு முன் ஒரு கணினிக் கோப்பாக இருந்தவை. அக்கோப்பைப் பிழையின்றி அமைப்பதில் கணினியின் பங்கு எது, மனிதரின் பங்கு எது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கடல் கடக்கும் கோப்பு

சென்னையிலிருந்து அந்தமான் தீவுகளுக்குக் கப்பல் வந்து சேர ஏறத்தாழ மூன்று நாள்கள் ஆகும். 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள், சென்னையையும் இத்தீவுகளையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடியிழை வடம் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். அதற்கு முன்னர்ச் செயற்கைக்கோள் வழியாகவே இணைய வசதி கிடைத்தது; பெரிய கோப்புகளை அனுப்புவது எளிதாக இல்லை. இன்றோ, போர்ட் பிளேர் என்று முன்னர் அழைக்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தில் அமைக்கப்பட்ட நூலின் கோப்பு, சில நிமிடங்களில் சென்னையிலோ சிவகாசியிலோ உள்ள அச்சகத்தை அடைந்துவிடும்.

எனினும், அங்கு அச்சாகும் நூல்கட்டுகள் கடல் கடந்துதான் வரவேண்டும். ஒரு பள்ளி தன் ஆண்டு மலரை 500 படிகள் அச்சிட அனுப்புகிறது என்று கொள்வோம். துறைமுகத்தில் வந்திறங்கிய கட்டைப் பிரித்தால், அட்டையில் 'பள்ளி' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'பல்லி' என்று இருக்கிறது! தாள், மை, கூலி, கப்பல் கட்டணம் அனைத்தும் வீண். கோப்பைச் சோதித்த மென்பொருளோ "பிழை இல்லை" என்று அறிவித்திருந்தது. அது பொய் சொல்லவில்லை. அது தேடிய பிழைகள் வேறு. நேர்ந்த பிழை வேறு.

ஈய எழுத்துகளின் காலம்

தமிழில் அச்சுக்கலை மிகப் பழைமையானது. தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்க நூல் 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் வெளிவந்தது. பின்னர், சீகன்பால்கு தரங்கம்பாடியில் அச்சகம் ஒன்றை நிறுவினார். அவருக்காகத் தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு அனுப்பப்பட்டன. ஆனால் அவை அளவில் பெரியவை. ஆகவே தாள் மிகுதியாகச் செலவானது. இக்குறையைத் தரங்கம்பாடியில் தாளையும் எழுத்தையும் கையாண்டவர்களே உணர்ந்தனர். அங்கேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. அவற்றின் துணையுடன் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715ஆம் ஆண்டு அச்சிட்டு முடிக்கப்பட்டது.

ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கோப்பாளர் ஒவ்வோர் எழுத்தையும் பெட்டியின் அறையிலிருந்து கையால் எடுத்து அடுக்கினார். அவ்வெழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி இருக்கும். அவற்றையும் அவர் தடையின்றிப் படித்தார். பின்னர் 'மெய்ப்பு' எனப்படும் மாதிரிப் படி எடுக்கப்பட்டது. மெய்ப்புத் திருத்துநர் அதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை களைந்தார். பல கைகளையும் பல கண்களையும் கடந்தே ஒரு பக்கம் அச்சேறியது.

கணினி செய்யும் பணி

இன்று அப்பணிகளில் பலவற்றைக் கணினி ஏற்றுக்கொண்டுள்ளது. அச்சுக்குச் செல்லும் கோப்பு பெரும்பாலும் 'பிடிஎஃப்' வடிவில் இருக்கும். அதைச் சோதிக்கும் மென்பொருள் சில வினாடிகளில் நூற்றுக்கணக்கான பக்கங்களைப் பார்த்துவிடும். எழுத்துருக்கள் கோப்பினுள் பொதிந்துள்ளனவா? படங்களில் ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் உள்ளனவா? விளிம்பில் வெட்டுவதற்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கூடுதல் இடம் விடப்பட்டுள்ளதா? வண்ணங்கள் அச்சுக்குரிய நான்கு மைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளனவா? இவ்வினாக்களுக்கு அது களைப்பின்றி விடை தரும். இருநூறாவது பக்கத்தையும் முதல் பக்கத்தைப் போன்றே கூர்ந்து நோக்கும். மனிதக் கண்ணுக்கு இது அரிது.

பக்கங்களை வரிசைப்படுத்துவதிலும் கணினி வல்லது. ஒரு பெரிய தாளின் இருபுறமும் 16 பக்கங்களை அச்சிட்டு, மும்முறை மடித்து வெட்டுவது வழக்கம். இதனை ஒரு 'ஃபாரம்' என்பர். மடித்தபின் பக்கங்கள் வரிசையாக வரவேண்டுமானால், விரித்த தாளில் அவை முன்பின்னாக அமையவேண்டும். 1ஆம் பக்கத்தை ஒட்டி 16ஆம் பக்கமும், 8ஆம் பக்கத்தை ஒட்டி 9ஆம் பக்கமும் இருக்கும். முற்காலத்தில் தொழிலாளர்கள் இதை மனக்கணக்காகவே அறிந்திருந்தனர். இன்று மென்பொருள் நொடியில் அமைத்துவிடுகிறது.

கணினி அறியாதவை

ஆயினும் மென்பொருள் அளவை மட்டுமே அறியும், பொருளை அறியாது. தெளிவற்ற சிறிய படம் ஒன்றைக் கணினியிலேயே பெரிதாக்கிப் புள்ளிகளின் எண்ணிக்கையை 300 ஆக உயர்த்திவிடலாம். சோதனை அதை ஏற்றுக்கொள்ளும். அச்சிலோ முகம் மங்கலாகவே இருக்கும். அந்தமான் கடலின் ஒளிமிக்க நீலம் திரையில் பளிச்சிடும். திரை காட்டும் எல்லா வண்ணங்களையும் மைகளால் காட்ட இயலாது. தானாக மாற்றப்படும்போது அந்நீலம் மங்கிப்போவதுண்டு. எந்த மையைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பதை மாதிரி அச்சைப் பார்த்துப் பழகிய கண்ணே முடிவுசெய்யும்.

தமிழுக்கு மேலும் சில இடர்கள் உண்டு. 'பாமினி' போன்ற பழைய எழுத்துருக்களில் 'அம்மா' என்று எழுதினால், கோப்பில் பதிவாகுபவை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலத் தட்டச்சுக் குறிகளே. எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. அந்த எழுத்துருவுக்குப் பதிலாக வேறொன்று பொதிந்துவிட்டால், பக்கம் முழுவதும் பொருளற்ற குறிகளாக மாறிவிடும்.

ஒருங்குறி முறை இச்சிக்கலைப் பெரிதும் தீர்த்தது. அதிலும் ஓர் இடர் எஞ்சியுள்ளது. 'கெ' என்னும் எழுத்தைக் கணினி முதலில் ககரமாகவும் அடுத்துக் கொம்பாகவும் பதிவுசெய்கிறது. திரையில் காட்டும்போது கொம்பை இடப்பக்கம் கொண்டுவருவது மென்பொருளின் கடமை. தமிழுக்கேற்ப அமைக்கப்படாத மென்பொருளில் கொம்பு வலப்பக்கமே நின்றுவிடும். அப்போதும் எழுத்துரு சரியாகப் பொதிந்திருக்கும். படங்கள் தெளிவாக இருக்கும். சோதனை "பிழை இல்லை" என்றே கூறும். தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒரே பார்வையில் அப்பிழையைக் கண்டுவிடுவார். தமிழ் அறியாதவருக்கோ அது அழகிய எழுத்தாகவே தோன்றும்.

வரியை முறிப்பதும் இத்தகையதே. புள்ளி வைத்த மெய்யெழுத்து வரியின் தொடக்கத்தில் வரலாகாது. 'வந்தாள்' என்பதை 'வந்தா' என ஒரு வரியிலும் 'ள்' என அடுத்த வரியிலும் பிரிப்பது தவறு. இம்மரபை அறியாத மென்பொருள் இடம் இருக்கும் அளவுக்கு வெட்டிவிடும்.

கடைசிக் கண்

அவ்வாறாயின், கணினியை விலக்கிவிடலாமா? வேண்டுவதில்லை. எண்ணி அளக்கும் பணியைக் கணினியிடம் விடுவதே அறிவுடைமை. அதனால் மிஞ்சும் நேரத்தை, கணினியால் இயலாத பணிக்கு மனிதர் செலவிடவேண்டும். அச்சேறும் முன் ஒரு படியைத் தாளில் எடுத்து, மூலத்தோடு ஒப்பிட்டு, ஒருவர் வாய்விட்டுப் படிக்க மற்றொருவர் சரிபார்ப்பது பழைய முறை. அது இன்றும் பயன் தருகிறது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரின் தாய்மொழி தமிழ். பல மொழியினர் கூடி வாழும் இத்தகைய இடங்களில் கோப்பை அமைப்பவரோ அச்சிடுபவரோ தமிழ் அறியாதவராக இருக்கலாம். அங்கே ஒரு தமிழ்ப் பக்கத்தைக் காப்பது தமிழ் படிக்கத் தெரிந்த கடைசிக் கண்ணே. பள்ளி மலரையோ திருமண அழைப்பிதழையோ அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு மாணவர் படித்துப் பார்ப்பாராயின், கப்பலேறி வரும் பிழையைக் கரையிலேயே தடுத்துவிடலாம். அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. லகர, ளகர, ழகர வேறுபாடு அறிந்த கண் போதும்.

சொற்பொருள்

மெய்ப்பு – திருத்துவதற்காக எடுக்கப்படும் மாதிரி அச்சுப்படி
படி – பிரதி
வடம் – தடித்த கயிறு போன்ற கம்பித்தொகுதி
எழுத்துரு – எழுத்துகளின் வடிவத் தொகுதி
ஒருங்குறி – உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் வழங்கும் பொது முறை
இடர் – துன்பம், தடை

பயிற்சிகள்

அ. விடை எழுதுக.
1. ஹாலேயில் வார்க்கப்பட்ட எழுத்துகளில் இருந்த குறை யாது? அதை உணர்ந்தவர் யாவர்?
2. சோதனை மென்பொருள் கண்டறியும் மூன்று குறைகளைக் குறிப்பிடுக.
3. கொம்பு இடம் மாறி நிற்பதைச் சோதனை மென்பொருள் ஏன் கண்டறிவதில்லை?

ஆ. கீழ்வரும் தொடர்களில் உள்ள ஒவ்வொரு சொல்லும் தமிழில் உள்ள சொல்லே. ஆயினும் ஒவ்வொரு தொடரிலும் ஒரு பிழை உண்டு. கண்டறிந்து திருத்துக.
1. மீனவர் கடலில் வளை வீசினார்.
2. தென்னை மரத்தில் பச்சைக் கிலி அமர்ந்திருந்தது.
3. திருக்குறள் அரம், பொருள், இன்பம் என்னும் முப்பாலைக் கொண்டது.

இ. செய்து பார்க்க.
ஒரு தாளை மும்முறை மடித்து, ஓரங்களை வெட்டாமல், 1 முதல் 16 வரை பக்க எண் இடுக. பின்னர்த் தாளை விரித்து, 1ஆம் பக்கத்தை ஒட்டிய பக்க எண்ணையும் 8ஆம் பக்கத்தை ஒட்டிய பக்க எண்ணையும் காண்க. ஒவ்வோர் இணையின் கூட்டுத்தொகையும் 17 ஆக வருகிறதா?