பயிற்சி இல்லை, கையேடு மட்டும்: அழகுக்கலைக் குறிப்புகளை வாங்கும் பெண்கள்

வெள்ளவத்தையில் காலி வீதியின் இரு பக்கமும், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளிலும் அழகுக்கலை நிலையங்களும் அவற்றோடு ஒட்டிய பயிற்சி வகுப்புகளும் நிறைய இருக்கின்றன. கொட்டாஞ்சேனையிலும் அப்படித்தான். நகைக்கடை, சாரிக்கடை, கல்யாண மண்டபம் என்று இருக்கும் இடத்தில் மணப்பெண் அலங்காரமும் இருக்கும். இந்த வகுப்புகளைச் சுற்றி இப்போது இன்னொரு சிறு வியாபாரமும் நடக்கிறது. பாடநெறியில் சேராதவர்களுக்கு அதன் கையேட்டை மட்டும் விற்பதுதான் அது. சிலவேளை போட்டோப் பிரதி எடுத்துச் சுருள்கம்பி போட்ட கட்டாக வரும். பெரும்பாலும் வட்ஸ்அப்பில் பிடிஎப் ஆக வரும். பேஸ்புக் விளம்பரத்தைப் பார்த்து, வங்கிக் கணக்கில் பணத்தைப் போட்டு, சீட்டைப் படமெடுத்து அனுப்பினால் அன்றைக்கே கைக்கு வந்துவிடும்.

வாங்குபவர்களில் கணிசமானோர் கொழும்பில் இல்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், மட்டக்களப்பு என்று தூர இடங்களில் இருக்கிறார்கள். காரணம் தேட வேண்டியதில்லை. யுத்தம் முடிந்த மறு வருடம், 2010 இல், அப்போதைய பிரதி அமைச்சர் ஹிஸ்புல்லாஹ் வடக்கு கிழக்கில் கணவனை இழந்த பெண்கள் ஏறத்தாழ 89,000 பேர் என்று சொன்னார். அந்தக் குடும்பங்களுக்கு வந்த வாழ்வாதார உதவிகளில் தையல் இயந்திரம், கோழிக்குஞ்சு இவற்றோடு அழகுக்கலைப் பயிற்சியும் இருந்தது. பெரிய முதல் தேவையில்லை. ஒரு கண்ணாடி, ஒரு கதிரை, ஒரு நூற்கண்டு இருந்தால் வீட்டு விறாந்தையிலேயே தொடங்கலாம். வாடிக்கையாளர்களும் பெண்கள்தான், பிள்ளைகளை விட்டுவிட்டு வெளியே போகத் தேவையில்லை. ஆனால் முழுப் பாடநெறிக்குக் கொழும்பு வருவதென்றால் கட்டணத்தோடு அறை வாடகை, சாப்பாடு, மாதக்கணக்கில் வீட்டை விட்டிருத்தல் எல்லாம் சேரும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவருக்குக் கையேடு மலிவாகத்தான் தெரியும்.

கையேட்டை விற்பதே பிழை என்று சில பயிற்றுநர்கள் கோபப்படுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்காவில் 1938 இலிருந்து வரும் மைலடி அழகுக்கலைப் பாடநூலைக் காசு கொடுத்து யாரும் வாங்கலாம். தோலின் அமைப்பும் சாயத்தின் இரசாயனமும் யாருடைய குடும்ப இரகசியமும் அல்ல. வாசிக்க விரும்புகிற பெண்ணிடம் “நீ வகுப்புக்கு வரவில்லை, ஆகவே உனக்குத் தெரியக்கூடாது” என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தனியே வாசிப்பதற்கென்று எழுதப்பட்ட பாடநூல் ஒன்று. வகுப்பில் ஒருவர் நின்று விளக்குவார் என்று நம்பி எழுதப்பட்ட குறிப்பு வேறொன்று. இங்கே விற்கப்படுபவை அநேகமாக இரண்டாவது வகை. அதில் வேண்டுமென்றே விட்ட இடைவெளிகள் இருக்கும், அவற்றை நிரப்புவது ஆசிரியரின் வாயும் கையும்.

தலைமுடிச் சாயத்தை எடுத்துக்கொள்வோம். குறிப்பில் “20 வொலியும், 35 நிமிடம்” என்று ஒரு வரி இருக்கும். வொலியும் என்பது ஐதரசன் பரொட்சைட்டின் செறிவைச் சொல்லும் அளவு. ஒரு பங்கு கரைசலிலிருந்து எத்தனை பங்கு ஒட்சிசன் வாயு வெளிவரும் என்பதுதான் அந்த எண். 20 வொலியும் என்றால் 6 வீதம், 30 என்றால் 9 வீதம், 40 என்றால் 12 வீதம். இதை அறியாதவர் 40 ஐ “கூடின பலன்” என்று விளங்கிக்கொண்டு உச்சந்தலையில் பூசினால் தோல் எரியும். சாயத்தில் இருக்கும் பிபிடி என்ற பதார்த்தம் சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தரும். முகமும் கண்ணும் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போகிற அளவுக்கும் போகலாம். அதனால்தான் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ சிறிது பூசி 48 மணித்தியாலம் பார்க்கச் சொல்கிறார்கள். “கறுப்பு மருதாணி” என்று கைக்குப் போடுவதில் பெரும்பாலும் கலந்திருப்பதும் இதே பிபிடிதான். முன்பு அதைப் போட்டுக் கை கொப்பளித்த ஒருவருக்குச் சாயம் பூசவே கூடாது. இன்னொன்று: நம் பெண்கள் பலர் ஏற்கனவே மருதோன்றித் தூள் பாவித்திருப்பார்கள். சுத்தமான மருதோன்றியால் பிரச்சினையில்லை. ஆனால் உலோக உப்புச் சேர்த்த தூள் தலையில் இருக்கும்போது மேலே பரொட்சைட்டு பட்டால் முடி சூடேறி அறுந்து போகலாம். வகுப்பில் இதற்கு ஒரு சிறு முடிக்கற்றையை வெட்டிச் சோதித்துக் காட்டுவார்கள். குறிப்பில் “முடியைப் பரிசோதிக்கவும்” என்று இரண்டு சொல்லோடு முடிந்துவிடும்.

மெழுகு பூசி முடி அகற்றுவதும் அப்படித்தான். பருவுக்காக ரெட்டினொயிட் வகைக் கிறீம் பாவிப்பவருக்கு அதைச் செய்தால் முடியோடு தோலும் உரிந்து வரலாம். வாடிக்கையாளரிடம் முதலில் என்ன கேட்க வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலின் பாதி. புருவம் திருத்துவதைச் சொல்லவே வேண்டாம். நூலை எத்தனை முறுக்கு முறுக்குவது, தோலை எப்படி இழுத்துப் பிடிக்கச் சொல்வது என்பதெல்லாம் படத்தில் தெளிவாகத்தான் இருக்கும். பழகுபவர்கள் ஆனாலும் முதலில் தங்கள் காலிலேயே நாட்கணக்கில் நூல் பிடித்துப் பார்க்கிறார்கள்.

இவற்றை விட எனக்குப் பயம் தருவது சில பிடிஎப்களின் கடைசிப் பக்கங்களில் வரும் “வெள்ளையாக்கும் கலவை” செய்முறைகள். மருந்துக்கடையில் வாங்கும் ஸ்டீரொயிட் கிறீமை வேறு இரண்டு கிறீமோடு கலக்கச் சொல்கிறார்கள். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் தெரிந்து, நிறுத்தியவுடன் முகம் சிவந்து எரியும். பெயரில்லாத வெள்ளையாக்கும் கிறீம்களில் பாதரசம் இருக்கும் ஆபத்து வேறு. மினமாட்டா உடன்படிக்கை அழகுசாதனப் பொருட்களில் பாதரசத்தைப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்று முதலில் மட்டுப்படுத்தியது. 2023 இல் அதையும் நீக்கி, 2025 இலிருந்து பாதரசம் சேர்த்த எந்த அழகுசாதனமும் கூடாது என்று முடிவெடுத்தார்கள். அந்தப் பக்கங்களைக் கிழித்து எறிவது நல்லது.

கையேட்டோடு “சான்றிதழும் உண்டு” என்று சொன்னால் கதையே வேறு. இலங்கையில் தொழிற்பயிற்சி நிறுவனங்கள் 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்ய வேண்டும். நாடு முழுவதும் ஏற்கப்படுவது என்.வி.கியூ எனும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ். அது மட்டம் 1 இலிருந்து 7 வரை போகிறது. அழகுக்கலைஞர், சிகையலங்காரம் செய்பவர் ஆகியோருக்கும் அது இருக்கிறது. ஒரு பிடிஎப்பை வாங்கியதற்காக ஒருவர் அச்சடித்துத் தரும் வர்ணத்தாளுக்கு அந்த முறையில் எந்த இடமும் இல்லை.

அதே முறைக்குள் பலருக்குத் தெரியாத ஒரு வாசலும் இருக்கிறது. ஏற்கனவே வேலை செய்து பழகிய ஒருவர், எந்த வகுப்புக்கும் போகாவிட்டாலும், முன்கற்றலை அங்கீகரிக்கும் ஏற்பாட்டின் கீழ் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். தாயிடமோ மாமியிடமோ கற்றுப் பத்து வருடம் மணப்பெண் அலங்காரம் செய்பவருக்கு இது பொருந்தும். மதிப்பீட்டாளர் முன் செய்து காட்ட வேண்டும், செய்த வேலைக்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஒவ்வொரு தொழிலுக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பட்டியலிடும் தேர்ச்சி நியமங்களை அந்த ஆணைக்குழுவே வெளியிடுகிறது. காசு கொடுத்து வாங்கும் குறிப்பை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் என்ன விடுபட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். விவரம் கேட்க, மாவட்டங்களில் இருக்கும் தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையத்துக்குப் போகலாம்.

கையேடு யாருடையது என்ற கேள்வியும் உண்டு. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டப்படி, எழுதியவரின் வாழ்நாளும் அதன்பின் 70 வருடமும் பதிப்புரிமை இருக்கிறது. பழைய மாணவி ஒருவர் தன் ஆசிரியையின் குறிப்பைப் பிரதி எடுத்து விற்பது சட்டப்படி குற்றம். ஆனால் அந்த ஆசிரியையின் குறிப்பே எங்கிருந்தோ எடுத்ததாக இருந்தால்? நான் பார்த்த ஒன்றில் மாதிரி விலைப்பட்டியல் பவுண்டில் இருந்தது. மொழிபெயர்த்தவருக்கு அதை ரூபாயாக மாற்றவும் நேரம் கிடைக்கவில்லை.

வெளிநாடு போகும் எண்ணத்தோடு வாங்குபவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். கனடாவின் ஒன்டாரியோவில், அதாவது நம்மவர் அதிகம் வாழும் ரொறன்ரோ இருக்கும் மாகாணத்தில், சிகையலங்காரம் கட்டாய உரிமம் வேண்டிய தொழில். பிரித்தானியாவில் வீட்டில் வைத்துச் செய்பவருக்கும் காப்புறுதி கொடுக்குமுன், அந்தந்தச் சிகிச்சைக்குப் பயிற்சி பெற்ற சான்றிதழைக் காப்புறுதி நிறுவனங்கள் கேட்கின்றன. வாடிக்கையாளரின் முகம் புண்ணானால் நட்டஈடு யார் கையிலிருந்து போகும் என்பது அந்தச் சான்றிதழில்தான் தங்கியிருக்கிறது. ஊரில் காப்புறுதி என்ற பேச்சே இல்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் ஒரு பெண்ணின் முகம் வீங்கினால் அந்த ஊரில் அதன்பின் யாரும் அந்த விறாந்தைக்கு வரமாட்டார்கள். தளபாடம் வாங்க எடுத்த நுண்கடனின் வாரத் தவணைக்காரர் மட்டும் வருவார்.

வாங்கத்தான் வேண்டுமென்றால், விற்பவரிடம் எழுதியவர் யார் என்றும், சந்தேகம் வந்தால் தொலைபேசியில் கேட்கலாமா என்றும், பின்னர் சில நாள் செய்முறை வகுப்புக்கு மட்டும் வரலாமா என்றும் முதலிலேயே கேளுங்கள். வெள்ளவத்தையில் அப்படி இரண்டு மூன்று நாள் செய்முறை மட்டும் சொல்லிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். சான்றிதழ் என்று சொன்னால் பதிவு இலக்கத்தைக் கேட்டு ஆணைக்குழுவில் சரிபாருங்கள். பணம் போட்ட வங்கிச் சீட்டையும் வட்ஸ்அப் உரையாடலையும் அழிக்க வேண்டாம். சொன்னது ஒன்று வந்தது வேறொன்று என்றால் நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம், அப்போது அவை தேவைப்படும்.