நாலுகால் உழைப்பாளிகள் – 12: மணியோசை நின்ற இடம்

சென்ற வாரம் ஸ்காட்லாந்து எல்லையோர மேய்ச்சல் நிலங்களில் ஆடு மடக்கும் பார்டர் கோலிகளைப் பார்த்தோம். அவற்றுக்கு ஓட்டம்தான் பிழைப்பு. இந்த வாரம் சந்திக்கப்போகும் நாய்களும் நாள் முழுக்க ஓடுகின்றன. ஆனால், அவற்றின் பெருமையெல்லாம் ஓடாமல் நிற்கும் சில நிமிடங்களில் இருக்கிறது.

இடம், அமெரிக்காவின் பேரேரிகளை ஒட்டிய மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களின் வடகாடுகள். செப்டம்பர் நடுவில் ரஃப்டு கிரவுஸ் வேட்டைப் பருவம் தொடங்கும். ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகி இலை கொட்டும் அக்டோபர்தான் உச்சம். அதற்கு முன்பெல்லாம் பறவை எழுகிற படபடப்பு காதில் விழும். இலைத் திரையில் பறவை தெரியாது.

வேட்டைக்குரிய பறவைகள் இரண்டு. ஒன்று, நம் கவுதாரிக்கு உறவான கிரவுஸ். அரைக் கிலோவைத் தாண்டும் தரைப்பறவை. மற்றது வுட்காக். நம் வயல்களுக்குக் குளிர்காலத்தில் வரும் உள்ளானின் காட்டு உறவு. நீண்ட அலகை ஈர மண்ணில் செருகி மண்புழு இழுத்துத் தின்னும். இதன் ஐரோப்பிய, ஆசிய வகை பனிக்காலத்தில் நீலகிரிச் சோலைகளுக்கும் வருகிறது. ஊட்டியில் குடியிருந்த வெள்ளைக்காரர்களுக்கு அதைச் சுடுவது பெரிய பொழுதுபோக்கு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இங்கே அது பழங்கதை. அமெரிக்காவில் இன்றும் உரிமம் வாங்கிச் சுடலாம். ஆனால் கணக்கு கறார்: வுட்காக் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் கூடாது.

துணைக்கு வரும் நாய் பாய்ண்டராக இருக்கலாம், இங்கிலீஷ் செட்டராக இருக்கலாம், பிரிட்டனியாக இருக்கலாம். கழுத்தில் ஒரு மணி. நாய் காற்றுக்கு எதிராக இடமும் வலமுமாகப் புதரை அலசிக்கொண்டு போகிறது. தலை தரையை மோப்பதில்லை. காற்றில் மிதந்து வரும் வாடைக்காக நிமிர்ந்தே இருக்கிறது. அடர்ந்த காட்டில் நாயை வேட்டைக்காரரால் பார்க்க முடியாது. மணியோசையை வைத்துத்தான் பின்தொடர்கிறார். திடீரென்று மணி நிற்கிறது. வாடை சிக்கிவிட்டது.

அவர் கிளைகளை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தால், நாய் வால் விறைத்து, ஒரு முன்னங்கால் மடங்கி, மூக்கு ஒரே திசையில் குத்திட்டு நிற்கும். உடன் வந்த இன்னொரு நாய், தனக்கு வாடையே எட்டாவிட்டாலும், முன்னது நிற்பதைப் பார்த்ததும் தானும் அப்படியே உறைந்துவிடும். நாயைத் தாண்டிப் போய்ப் பறவையைக் கிளப்புவது மனிதன் வேலை. பறவை எழுந்தாலும், துப்பாக்கி வெடித்தாலும், உத்தரவு வரும்வரை நாய் அசையக் கூடாது.

இந்த நிலை எங்கிருந்து வந்தது? இரைமேல் பாயுமுன் ஒரு கணம் நிதானிப்பது வேட்டை விலங்குகளின் இயல்பு. அந்தக் கணத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனம்பெருக்கி நீட்டியிருக்கிறார்கள். இரண்டு மாதக் குட்டியின் முன்னால் ஒரு இறகைக் கயிற்றில் கட்டி ஆட்டினால், பெரும்பாலும் அதுவும் கால் மடக்கி நிற்கும். நிற்பது ரத்தத்தில் வருகிறது. நின்றபடியே பொறுத்திருப்பதைப் பழக்க வேண்டும்.

வுட்காக் தன் சருகு நிறத்தை நம்பி அப்படியே படுத்திருக்கும். இளம் நாய்க்கு அதுதான் நல்ல வாத்தியார். கிரவுஸ் அப்படியல்ல. நாய் ஒரு அடி கூட வைத்தாலும் நழுவி ஓடும், இல்லையென்றால் துப்பாக்கி எட்டாத தூரத்தில் எழுந்து போய்விடும். இதற்கிடையே முள்ளம்பன்றி வேறு. வாய் நிறைய முள்ளோடு திரும்பும் நாய்க்காகப் பலர் பையில் ஒரு குறடு வைத்திருக்கிறார்கள்.

விவரமானவர்கள் தரையையும் படிப்பார்கள். ஈர மண்ணில் பென்சில் முனை போன்ற துளைகளும் சுண்ணாம்புத் தெறிப்பு போன்ற எச்சமும் இருந்தால் வுட்காக் மேய்ந்த இடம். சுட்ட கிரவுஸின் தீனிப்பையைக் கிழித்துப் பார்ப்பார்கள். உள்ளே தீவனப்புல் இலை இருக்கிறதா, காட்டுப்பழமா என்பதை வைத்து மறுநாள் போகும் இடம் முடிவாகும்.

இப்போது பலரிடம் மணிக்குப் பதில் ஜிபிஎஸ் பட்டை வந்துவிட்டது. நாய் எங்கெல்லாம் நின்றது என்பது கருவியில் பதிவாகிறது. அந்தப் புள்ளிகளைப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று புரியும்: நெடிதுயர்ந்த பழங்காட்டில் புள்ளிகள் அரிது, ஆள் நுழைய முடியாத இளங்காட்டில்தான் அவை குவிகின்றன.

காரணம் ஆஸ்பென். ஒட்ட வெட்டினால் வேரிலிருந்து கன்றுகள் வாழைபோல் கிளம்பி, ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் நெருக்கியடித்து வளரும். அந்த நெருக்கத்தில் கழுகும் பருந்தும் கிரவுஸைப் பிடிக்க முடியாது. ஆனால் பனிக்காலத்தில் கிரவுஸ் உயிர் வளர்ப்பது முதிர்ந்த ஆண் ஆஸ்பென்களின் மொட்டுகளைத் தின்று. ஒளியக் குட்டிக்காடு, உண்ண முதுகாடு, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும். மினசோட்டாவின் க்ளோக்கே ஆய்வுக்காட்டில் பல பத்தாண்டுகள் கிரவுஸைப் பின்தொடர்ந்த கோர்டன் கல்லியன் சொன்ன வழி இதுதான்: காட்டைச் சிறு சிறு துண்டுகளாக, வெவ்வேறு ஆண்டுகளில் வெட்டுங்கள்; எல்லா வயதும் அருகருகே இருக்கட்டும்.

துப்பாக்கியே இல்லாத வேலையும் இந்த நாய்களுக்கு உண்டு. மிச்சிகனில் வசந்தத்தில், பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் தங்கள் நாய்களோடு வுட்காக் குஞ்சுகளைத் தேடிப் போகிறார்கள். நாய் நின்றதும் காலடியைப் பார்த்துப் பார்த்து வைத்து, குஞ்சுகளை எடுத்து, காலில் வளையம் மாட்டி, அலகை அளக்கிறார்கள். பொரிக்கும்போது அலகு சுமார் 14 மில்லிமீட்டர். தினமும் இரண்டு மில்லிமீட்டர் வளரும். 24 மில்லிமீட்டர் என்றால் ஐந்து நாள் குஞ்சு. இங்கே நாய் ஒரு எட்டு முன்வைத்தாலும் குஞ்சு நசுங்கிப்போகும். இலையுதிர் காலத்துப் பொறுமைக்கு உண்மையான பரீட்சை வசந்தத்தில்தான்.

இந்த வடகாடுகளுக்குத் தெற்கிலும் கிழக்கிலும் கதை வேறு. ஒரு காலத்தில் விவசாயிகள் கைவிட்ட நிலங்களில் இளங்காடு எழுந்து கிரவுஸ் பெருகியது. அந்தக் காடுகள் இன்று முதிர்ந்துவிட்டன, வெட்டும் குறைந்துவிட்டது. போதாததற்கு வெஸ்ட் நைல் வைரஸும் சேர்ந்துகொண்டது. நியூஜெர்சி 2019இல் கிரவுஸ் வேட்டையை மூடியது. இந்தியானாவில் வேட்டை முன்பே நின்றுபோனது. அப்படியும் 2020இல் கிரவுஸை மாநிலத்தின் அழிவாபத்துப் பட்டியலில் சேர்க்க வேண்டியிருந்தது. துப்பாக்கியை இறக்கிவைத்தது மட்டும் போதவில்லை. மரத்தைத் தொடாமல் விடுவதே காட்டைக் காப்பது என்று பாடம் படித்தவர்களுக்கு இது உறுத்தலாம். ஆனால் இந்தப் பறவையைக் காப்பாற்ற நினைக்கும் மாநிலம், வேட்டைப் பருவத்தின் தேதிகளை மாற்றுவதோடு நில்லாமல் கோடரியையும் கையில் எடுத்தாக வேண்டும்.

(அடுத்த வாரம்: இத்தாலியில் மண்ணுக்கடியில் ட்ரஃபிள் தேடும் லகோட்டோ நாய்கள்)