பீரங்கி சுட்டால் விமானம் நடுவானில் நின்றுவிடுமா? முதல் உலகப் போர் ‘ஸ்பாட் 12’ சொல்லும் பதில்

பறந்துகொண்டிருக்கும் ஒரு சின்ன விமானத்திலிருந்து பீரங்கியால் சுட்டால் என்ன ஆகும்? “பின்னாடி உதைக்கிற உதையில் விமானம் அப்படியே நின்றுவிடும்” என்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் பதில். விமானமே மரச்சட்டமும் துணியுமாக இருந்த காலத்தில் இந்தச் சோதனையை நிஜமாகவே செய்து பார்த்தார்கள். விமானம் நிற்கவில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

பீரங்கி எதற்கு?

முதல் உலகப் போரில் போர் விமானங்களின் வழக்கமான ஆயுதம் மெஷின் கன். அதன் தோட்டா சுமார் 7.7 முதல் 8 மி.மீ. விட்டம் கொண்டது, எடை 10 கிராம் சொச்சம். விமானத்தின் துணி இறக்கையில் அது பட்டால் சின்ன ஓட்டைதான் விழும். விமானியையோ இன்ஜினையோ பெட்ரோல் டேங்கையோ தாக்கினால்தான் எதிரி விழுவார். ஓட்டை விழுந்த இறக்கைகளோடு எத்தனையோ விமானங்கள் பத்திரமாகத் திரும்பி வந்தன.

37 மி.மீ. பீரங்கியின் குண்டு அப்படியல்ல. எடை கிட்டத்தட்ட அரை கிலோ, உள்ளே வெடிமருந்து. எங்கே பட்டாலும் ஒரே குண்டில் கதை முடிந்துவிடும். ஜெர்மனியின் ராட்சத செப்பலின் வான்கப்பல்களை வீழ்த்தவும் இப்படி ஒன்று வேண்டும் என்று பிரிட்டனும் பிரான்ஸும் நினைத்தன.

யோசனை போருக்கு முந்தையது. 1910-லேயே பாரிஸ் விமானக் கண்காட்சியில், வுவாசன் நிறுவனம் 37 மி.மீ. ஹாட்ச்கிஸ் பீரங்கி பொருத்திய ஒரு விமானத்தைக் காட்சிக்கு வைத்தது. போர் தொடங்கிய பிறகு பீரங்கியோடு வுவாசன் விமானங்கள் போர்முனைக்கும் போயின. அவற்றில் ப்ரொப்பல்லர் பின்னால் இருந்ததால் முன்பக்கம் காலியாக இருந்தது. பீரங்கி வைக்க வசதி. ஆனால் அவை மெதுவாகப் பறப்பவை. தரையிலுள்ள இலக்குகளைச் சுடலாம், வேகமான எதிரி விமானத்தைத் துரத்திப் பிடிக்க முடியாது.

உதை எவ்வளவு பெரியது?

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அரை கிலோ குண்டு நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. விமானத்தின் எடை சுமார் 880 கிலோ. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி குண்டு முன்னால் போக, விமானம் பின்னால் தள்ளப்படும். கணக்கிட்டால், விமானத்தின் வேகம் மணிக்கு 1 கி.மீ. கூடக் குறையாது. பைலட் கவனிக்கவே மாட்டார். அவ்ளோதானா என்று கேட்டால், அங்கேதான் இன்னொரு விஷயம் இருக்கிறது.

அந்த உதை நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள் வந்து முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் பீரங்கியைத் தாங்கும் சட்டத்தில் விழும் விசை சுமார் 750 கிலோ எடைக்குச் சமம். ஏறக்குறைய விமானத்தின் மொத்த எடையையே தூக்கி ஒரே இடத்தில் போட்ட மாதிரி. அதாவது விமானம் நிற்காது, ஆனால் மரச்சட்டம் தாங்க வேண்டும்.

இதைத் தவிர்க்க அமெரிக்கக் கடற்படை அதிகாரி கிளீலண்ட் டேவிஸ் வேறொரு வழி கண்டுபிடித்தார். அவருடைய பீரங்கி ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் சுடும். முன்பக்கம் குண்டு, பின்பக்கம் அதே எடைக்கு ஈயச் சிதறலும் கிரீஸும். இரண்டு உதையும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். ஆனால் பின்னால் பாயும் வெடிப்பு சொந்த இறக்கையையோ வாலையோ தாக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனின் ஹாண்ட்லி பேஜ் குண்டுவீச்சு விமானங்கள் சிலவற்றில் பொருத்திப் பார்த்தும் பெரிய பலன் கிடைக்கவில்லை.

ப்ரொப்பல்லருக்குள் ஒரு வழி

பிரான்ஸின் ஜார்ஜ் கினெமெர் அப்போதே நாடறிந்த போர் விமானி. மெலிந்த உடல்வாகு காரணமாக ராணுவத்தில் சேர்க்க முதலில் மறுக்கப்பட்டவர். வேகமான ஒற்றை இருக்கை விமானத்திலேயே 37 மி.மீ. பீரங்கி வேண்டும் என்ற யோசனையை, ஸ்பாட் நிறுவன வடிவமைப்பாளர் லூயி பெஷரோவிடம் வைத்தார்.

இங்கே புதுச் சிக்கல் வந்தது. வேகமான விமானங்களில் ப்ரொப்பல்லர் முன்னால் சுற்றும். 1915 முதல் மெஷின் கன்னுக்கு இதற்கொரு தீர்வு இருந்தது. ப்ரொப்பல்லரின் இறக்கை குழலுக்கு நேரே வரும்போது சுடாமல் தடுக்கும் இயந்திர அமைப்பு அது. அதையும் மீறி எப்போதாவது ஒரு தோட்டா தவறிப் பட்டால் ப்ரொப்பல்லரில் ஓட்டை விழும். பீரங்கிக் குண்டு தவறினால் ப்ரொப்பல்லரே இருக்காது.

அதனால் ப்ரொப்பல்லரின் நடு அச்சு வழியாகவே சுடுவது என்று முடிவானது. ஹிஸ்பானோ-சூய்சா இன்ஜினின் 8 சிலிண்டர்கள் ‘வி’ வடிவில் இரண்டு வரிசையாக இருந்தன. பற்சக்கரம் வைத்து ப்ரொப்பல்லர் அச்சைக் கொஞ்சம் மேலே உயர்த்தினால், அது இரண்டு வரிசைகளுக்கும் இடையிலான பள்ளத்துக்கு நேராக வந்துவிடும். அந்த அச்சை உள்ளீடற்ற குழாயாகச் செய்து, பள்ளத்தில் பீரங்கியைப் படுக்க வைத்தார்கள். அதுதான் ஸ்பாட் 12. கினெமெர் அதை ‘மாய விமானம்’ என்று அழைத்தார்.

காலுக்கு நடுவே பீரங்கி

பீரங்கியின் பின்பகுதி காக்பிட்டுக்குள், விமானியின் இரண்டு கால்களுக்கும் நடுவே நீண்டிருந்தது. வழக்கமாகக் கட்டுப்பாட்டுக் கம்பி இருக்கும் இடம் அது. எனவே கட்டுப்பாடுகளை இரண்டு பக்கமும் பிரித்து வைக்க வேண்டியதாயிற்று. பழகிய விமானிக்கே புதுசாகக் கற்றுக்கொள்கிற மாதிரிதான்.

சுட்டதும் காக்பிட் முழுக்கப் புகை. அடுத்து, விமானியே கையால் புதுக் குண்டைப் போட்டு மூட வேண்டும். கொண்டுபோவதே மொத்தம் 12 குண்டுகள்தான். மணிக்கு 200 கி.மீ. வேகத்தில், எதிரி வாலில் தொற்றிக்கொண்டு சுடும்போது, ஒரு கையைக் கட்டுப்பாட்டிலிருந்து எடுத்துப் பீரங்கிக்கு வேலை செய்வதை யோசித்துப் பாருங்கள். முதல் குண்டு தவறினால் அடுத்ததற்குள் நிலைமையே மாறிவிடும். பக்கத்தில் இருந்த ஒற்றை மெஷின் கன்தான் அப்போதைக்குத் துணை.

குழல் குட்டையானது, குண்டின் வேகமும் குறைவு. எனவே எதிரிக்கு மிக அருகில் போய்ச் சுட்டால்தான் படும். இந்தத் துணிச்சலும் குறியும் எல்லோருக்கும் வராது. கினெமெர் 1917 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இதில் 4 வெற்றிகள் பெற்றார். 75 வெற்றிகளோடு நேச நாடுகளின் முதலிட விமானியான ரெனே ஃபோன்க்கும் இதை ஓட்டினார். 300 விமானங்களுக்கு ஆர்டர் கொடுக்கப்பட்டது. ஆனால் தயாரானவை அதைவிட மிகக் குறைவு. கிடைத்தவையும் தேர்ந்த விமானிகளுக்கு மட்டும் ஒன்றிரண்டாகப் பிரித்துத் தரப்பட்டன.

1917 செப்டம்பர் 11 அன்று பெல்ஜியத்தின் பூல்கப்பெல் அருகே பறக்கப் போன கினெமெர் திரும்பவில்லை. வயது 22, கணக்கில் 53 வெற்றிகள். அன்று அவர் ஓட்டியது பீரங்கி விமானம் அல்ல. இரண்டு மெஷின் கன் கொண்ட ஸ்பாட் 13.

தோட்டா பெரிதாகவில்லை, மாறியது

செப்பலின்களுக்குப் பீரங்கிதான் வழி என்ற எண்ணமும் நிலைக்கவில்லை. வான்கப்பலுக்குள் இருந்தது எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன். தேவைப்பட்டது பெரிய குண்டு அல்ல, நெருப்பு. 1916 செப்டம்பர் 3 அதிகாலையில் பிரிட்டிஷ் விமானி வில்லியம் லீஃப் ராபின்சன், செப்பலினைப் போன்ற எஸ்.எல். 11 என்ற ஜெர்மானிய வான்கப்பலை எரித்து வீழ்த்தினார். அவரிடம் இருந்தது சாதாரண மெஷின் கன்தான். தோட்டாக்கள் மட்டும் வெடிக்கும், தீப்பிடிக்கும் ரகம்.

விமானத்துக்கு எதிராகவும் இதே கணக்கு. நிமிடத்துக்குப் பல நூறு தோட்டா பொழிந்தால் சிலவாவது படும். ஒரு குண்டு போட்டுவிட்டு அடுத்ததைக் கையால் திணிக்கும் பீரங்கி அதோடு போட்டிபோட முடியவில்லை.

யோசனை மட்டும் பிழைத்தது

அடுத்த குண்டு தானாக ஏறும் பீரங்கிகள் வந்ததும் நிலைமை மாறியது. இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸின் டெவுவாட்டின் 520, ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109-ன் பிற்கால ரகங்கள் எல்லாம் ப்ரொப்பல்லர் அச்சு வழியாகவே பீரங்கி சுட்டன. அமெரிக்காவின் பி-39 விமானத்தில் 37 மி.மீ. பீரங்கிக்கு மூக்கில் இடம் கொடுக்க, இன்ஜினையே விமானியின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். சோவியத் யூனியனின் யாக்-9டி விமானத்திலும் அச்சு வழியாகச் சுட்டது 37 மி.மீ. பீரங்கிதான்.

கினெமெர் கேட்ட அதே அளவு, பெஷரோ போட்ட அதே வழி. ஆனால் இந்த முறை விமானி விசையை அழுத்தினால் போதும், கட்டுப்பாட்டிலிருந்து கையை எடுக்க வேண்டியதில்லை.