கீழே ஓடும் வரியும் எதிரே நிற்கும் வரியும்

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில் அமைந்த ஓடைப்பட்டி, விதையில்லாத் திராட்சைக்குப் பெயர்பெற்ற ஊர். ஈரம் மிகுந்த நாள்களில் திராட்சைப் பந்தல்களை அடிச்சாம்பல் நோய் தாக்கும். அதனைத் தடுக்கப் போர்டோக் கலவை தெளிக்கப்படுகிறது. பிரான்சு நாட்டின் போர்டோ என்னும் திராட்சைப் பகுதியில் 1880களில் உருவானதால் இப்பெயர் பெற்றது. மேற்கே மலையேறினால், இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் காய் அழுகலுக்கும் இதே கலவைதான் மருந்து.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து அத்தோட்டங்களுக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்வோர் பலர். அவர்கள் தமிழ் படிப்பவர்கள். தோட்டத்துக்காரரோ மலையாளம் படிப்பவராக இருக்கலாம். கலவை தயாரிக்கும் முறையை இடப்புறம் தமிழிலும் வலப்புறம் மலையாளத்திலும் ஒரே தாளில் அச்சிட்டுக் கொட்டகையில் ஒட்டிவைத்தால் இருவருக்கும் பயன்படும்.

முறை சிறியதே, ஆனால் பிசகக்கூடாதது. நூறு லிட்டர் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு. ஒவ்வொன்றையும் 50 லிட்டர் நீரில் தனித்தனியே கரைக்கவேண்டும். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கவேண்டும், மாற்றி ஊற்றலாகாது. இரும்புப் பாத்திரம் உதவாது. தீட்டிய கத்தியைக் கலவையில் சற்று நேரம் வைத்து எடுக்கும்போது செம்பு படிந்திருந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். அந்நிலையில் தெளித்தால் இலை கருகிவிடும். எனவே, தமிழ் வரிக்கு எதிரே அதற்குரிய மலையாள வரியே நிற்கவேண்டும். வேறு வரி நின்றால் ஊற்றும் வரிசை தலைகீழாகலாம்.

கணினியில் இதனை அமைக்க முற்படும் ஒருவர், சொற்செயலியின் வடிவமைப்புப் பட்டியலில் உள்ள நெடுவரிசை வசதியையே முதலில் நாடுவார். இரண்டு என்று தெரிவு செய்தவுடன் பக்கம் இரண்டாகப் பிரியும். பார்வைக்கு வேண்டியது கிடைத்துவிட்டது போலத் தோன்றும். உண்மையில் அது செய்தித்தாளுக்கு உரிய அமைப்பு. அதில் உரை இடப்புறம் மேலிருந்து அடிவரை ஓடி, பின்னர் வலப்புறத்தின் உச்சிக்குத் தாவித் தொடர்கிறது. இரண்டு நெடுவரிசைகளும் ஒரே வாய்க்காலின் இரு மடைகள். இடப்புறத்தில் ஒரு தொடரைக் கூட்டினால் அதன் மிகுதி வலப்புறத்தில் போய் விழும். கன்ட்ரோல், ஷிப்ட், எண்டர் ஆகிய விசைகளை ஒருசேர அழுத்தி நெடுவரிசை முறிப்பு இடலாம். அப்போதும் முதல் வரிகள் மட்டுமே நேராக நிற்கும். தமிழில் மூன்று வரியாகும் செய்தி மலையாளத்தில் இரண்டு வரியில் முடிந்தால், அடுத்த குறிப்பிலிருந்தே பிசகு தொடங்கிவிடும்.

இடைவெளி விசையைப் பலமுறை தட்டி வரிகளை நேராக்குவோரும் உண்டு. எழுத்துருவை மாற்றியதும் அவ்வுழைப்பு முழுவதும் கலைந்துவிடும்.

எதிரெதிர் நிறுத்தும் தேவை கணினிக்கு மிகவும் முற்பட்டது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் என்னும் அறிஞர் எபிரேய மறைநூலையும் அதன் கிரேக்க மொழிபெயர்ப்புகளையும் ஆறு நெடுவரிசைகளில் அமைத்தார். வரிக்கு ஓரிரு சொற்களே இட்டு அவற்றை இணையாக நிறுத்தினார். தாள் மிகுதியாகச் செலவாகும் முறைதான்; எனினும் ஒப்பிடுவோர் கண் தடுமாறவில்லை. வேர்டுபெர்ஃபெக்ட் என்னும் பழைய சொற்செயலி, செய்தித்தாள் நெடுவரிசை, இணை நெடுவரிசை என இவ்விரண்டையும் தனித்தனிப் பெயரிட்டே வழங்கியது. இன்று பரவலாக உள்ள சொற்செயலிகளில் இரண்டாவதன் வேலையை அட்டவணை செய்கிறது. பெயர் மறைந்ததால்தான் குழப்பம் வந்தது எனலாம்.

ஓப்பன் ஆஃபீஸ் ரைட்டரில் கன்ட்ரோல் விசையுடன் எஃப்12 விசையை அழுத்தினால் அட்டவணைக்கான உரையாடல் பெட்டி திறக்கும். இரண்டு நெடுவரிசைகள் போதும். ஒரு குறிப்புக்கு ஒரு கிடைவரிசை என்பதே இதில் உயிரான விதி. இடக் கட்டத்தில் தமிழ்க் குறிப்பைத் தட்டச்சு செய்து, டேப் விசையை அழுத்தி வலக் கட்டத்தில் மலையாளத்தை இடவேண்டும். கடைசிக் கட்டத்தில் டேப் அழுத்தினால் புதிய கிடைவரிசை தானே தோன்றும். ஒரு கட்டம் நீண்டால் அதன் இணையும் அதே உயரத்துக்கு விரியும். அடுத்த குறிப்புகள் இரண்டும் ஒரே மட்டத்தில் தொடங்கும். கட்டங்களில் உரை மேற்புறம் ஒட்டி நிற்குமாறு அமைத்து, கோடுகள் வேண்டாவெனில் நீக்கிவிடலாம்.

குறுகிய நெடுவரிசையில் தமிழுக்குத் தனியே ஓர் இடர்ப்பாடு உண்டு. வேற்றுமை உருபும் விகுதியும் சேர்ந்து தமிழ்ச் சொற்கள் நீள்கின்றன. அச்சுக்கோப்பாளர்கள் வரி முடிவில் சொல்லை எழுத்தெல்லையில் பிரித்து, சிறுகோடு இடாமலே அடுத்த வரியில் தொடர்ந்தனர். சொற்செயலியோ பெரும்பாலும் இடைவெளியில் மட்டுமே வரியை மடக்கும். இருபுறமும் சீராக்கும் வசதியைப் பயன்படுத்தினால், ‘சுண்ணாம்புக்கரைசலில்’ போன்ற சொல் அடுத்த வரிக்குத் தள்ளப்பட்டு, மேல்வரியில் அகன்ற வெற்றிடங்கள் விழும். இடப்புறம் மட்டும் சீராக்கி, தமிழ்க் கட்டத்தைச் சற்றே அகலமாக்குவது நலம்.

குறிப்புகள் மிகுந்து இரண்டாம் பக்கத்துக்குச் செல்லுமாயின், அட்டவணைப் பண்புகளில் கிடைவரிசை பக்கங்களுக்கிடையே பிரிய இசைவளிக்கும் தெரிவை நீக்கிவிட வேண்டும். அப்போது கத்தியை வைத்துப் பார்க்கும் குறிப்பு ஒரு பக்கத்தின் அடியில் பாதியும் மறுபக்கத்தில் பாதியுமாக நிற்காது. முழுவதுமாக அடுத்த தாளுக்கு இறங்கும்.